லீவு முடிகிறது: ஆட்டிசம் உள்ள பிள்ளையை மறுபடி பள்ளிக்கூட வழக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

20 மே 2023, காலை

ஒரு அம்மா கேட்டதை அப்படியே தருகிறேன்: "மகளுக்கு 7 வயது, ஆட்டிசம். லீவில் ஆளே மாறிவிட்டாள். ராத்திரி 12 மணிக்குத்தான் தூக்கம், காலையில் 10 மணி ஆகிறது எழுந்திருக்க. பள்ளிக்கூடம் என்று சொன்னாலே காதைப் பொத்திக்கொள்கிறாள். அடுத்த வருஷம் லீவே விடாமல் வீட்டிலேயே ஸ்கூல் டைம்டேபிள் போட்டு ஓட்டிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?"

இதில் நான் எதிர்க்கட்சி. லீவு பிள்ளைக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். என் பையனுக்கும் ஆட்டிசம்தான், மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். இருப்பது பாளையங்கோட்டை, மே மாதம் அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீடு. ஆற்றில் குளிக்கிற அந்த ஒன்றுக்காகத்தான் வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொள்கிறானோ என்று எனக்குத் தோன்றும். தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் என்றால் கை உதறுவது, முனகுவது எல்லாம் தானாக அடங்கிவிடும், உதடு நீலமாகிற வரை எழுந்து வரமாட்டான். அதைப் பிடுங்கிவிட்டு எட்டே முக்காலுக்குக் கணக்கு, ஒன்பதரைக்குத் தமிழ் என்று வீட்டில் பலகை மாட்ட எனக்கு மனசு வராது.

இந்தப் பிள்ளைகளுக்கு மாற்றம் ஆகாது என்பது புதுச் சேதி இல்லை. குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கான்னர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்று அவர்கள் பிடிக்கும் பிடிவாதம் வருகிறது. என் பையனிடம் நான் பார்த்த வரைக்கும் நேரம் முன்னே பின்னே ஆனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அடுத்தது என்ன என்று தெரியாமல் போனால்தான் வீடு இரண்டாகிறது. அதனால் லீவிலும் மூன்று மட்டும் எங்கள் வீட்டில் மாறாது: எழுந்ததும் என்ன, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன, படுக்கப் போகுமுன் என்ன. நடுவில் இருப்பது ஆச்சி, ஆறு, கொய்யா மரம்.

20 மே, இரவு

தூக்கம் பற்றி மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். 10 மணிக்கு எழும் பிள்ளையை "ஒன்பதுக்கே படு" என்றால் இருட்டில் உருண்டுகொண்டிருக்கும், அவ்வளவுதான். முதலில் எழுப்பும் நேரத்தைப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிஷம் முன்னால் கொண்டுவாருங்கள். எழுந்ததும் பத்து நிமிஷமாவது வாசலிலோ மாடியிலோ வெளிச்சத்தில் நிற்கட்டும், மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள். படுக்கும் நேரமும் தானாக முன்னால் வந்துவிடும். போனை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், அது வேறு போர். பார்க்கும் நேரத்தை அப்படியே சாயங்காலத்துக்கு நகர்த்துங்கள், குறைப்பது பிறகு.

தூக்கம் வர உதவும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் மருந்தைக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். சில பிள்ளைகளுக்கு டாக்டர்களே எழுதித் தருகிறார்கள், பலனும் இருக்கிறது. ஆனால் அளவும் நேரமும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், மெடிக்கல் ஷாப்பில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள், உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

22 மே

அடுத்தடுத்து என்ன வேலை என்று படத்தில் அட்டவணை போட்டு மாட்டியும் பிள்ளைக்கு ஏறவில்லை என்று சொல்பவர்களுக்கு.

படம் வரிசையாக ஒட்டும் முறை எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972இல் எரிக் ஷாப்லர் ஆட்டிசப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம்தான் இதைப் பெரிதாகப் பரப்பியது. காதால் கேட்பது காற்றோடு போய்விடும், கண்ணால் பார்ப்பது அங்கேயே இருக்கும், பிள்ளை திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், விஷயம் அவ்வளவுதான். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? இணையத்தில் இருந்து சிரிக்கும் வெள்ளைக்காரப் பையன் பல் விளக்கும் படத்தை எடுத்து ஒட்டுகிறோம். என் பையன் அதைப் பார்த்து "யாரு இது?" என்றான். நியாயமான கேள்வி. எங்கள் வாஷ்பேசின், எங்கள் பச்சை மக், அவனுடைய வேன், இவற்றையே போட்டோ எடுத்துப் போட்டபோதுதான் பலகைப் பக்கம் வந்தான்.

அப்புறம் அவனுக்கு ரயில். திருநெல்வேலியில் இருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் நிறுத்தங்கள் தலைகீழாகப் பாடம்: டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். ராத்திரி கனவிலும் சொல்வான். அதையே எடுத்துக்கொண்டோம். காலை வேலைகள் எல்லாம் ஸ்டேஷன். பல் விளக்குவது ஒரு ஸ்டேஷன், குளியல் ஒன்று, இட்லி ஒன்று, ஷூ ஒன்று, வேன் கடைசி நிறுத்தம். ஒரு சின்ன நீல ரயில் அட்டையை அவனே நகர்த்துவான். "பல் விளக்குடா" என்று பத்து தடவை கத்திக்கொண்டிருந்த வீட்டில் இப்போது "வண்டி எங்க நிக்குது?" என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

உங்கள் மகளுக்கு ரயில் பிடிக்காமல் இருக்கலாம். லிப்ட், மிக்ஸி, பஞ்சாங்கம், எதில் மூழ்கிக் கிடக்கிறாளோ அதை எடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு சீலிங் ஃபேன் கம்பெனிப் பெயர்கள்.

26 மே

பார்த்தீர்களா? வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு ஜூன் 7க்குப் போயிருக்கிறது. 6 முதல் 12 வரை ஜூன் 1, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 5 என்று இருந்தது, இப்போது எல்லாருக்கும் 7. வெளியே இருக்கிற வெயிலுக்கு இது நல்ல முடிவுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காலண்டரில் 5ஆம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, தினமும் ஒரு நாளை அடித்துக்கொண்டு வந்த வீடுகளுக்கு இன்று ராத்திரி வேலை இருக்கிறது.

எங்களுக்கும்தான். "அஞ்சாம் தேதி ஸ்கூல்" என்பதை ஒரு மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவனிடம் "ஏழு" என்றதும் முதலில் சிரித்தான், நாங்கள் தப்பாகச் சொல்கிறோம் என்று நினைத்து. பிறகு காலண்டரைக் கிழிக்கப் போனான்.

கை கொடுத்தது கிராசிங். எங்கள் லைன் ஒற்றைப் பாதை. எதிர் வண்டி வந்தால் நம் வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நின்று, அது போனபின்தான் கிளம்பும். ஆச்சி ஊருக்குப் போகும்போது இதை அவன் நேரில் பார்த்திருக்கிறான், அதில் அவனுக்குக் கோபமே கிடையாது, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு எதிர் வண்டிக்குக் காத்திருப்பான். மஞ்சள் அட்டையில் "கிராசிங்" என்று எழுதி 5க்கும் 7க்கும் நடுவில் ஒட்டினோம். நின்று பார்த்தான். "எந்த வண்டி வருது?" என்றான். அவனுடைய அப்பா யோசிக்காமல் "வெயில் எக்ஸ்பிரஸ்" என்றுவிட்டார். அடங்கியது.

27 மே

"அவ்வளவு சுலபமாகவா?" என்கிறார் ஒருவர். இல்லைதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வெயில் எக்ஸ்பிரஸ் எத்தனை பெட்டி என்று கேட்டான். பதில் சொல்லும்வரை விடவில்லை.

20ஆம் தேதி எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். அடுத்தது என்ன என்று சொல்லிவிட்டால் போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தேன், அது பாதிதான். நாம் சொன்ன அடுத்தது நடக்காமல் போகவும் செய்யும், அதையும் பழக்க வேண்டும். மாற்றம் என்பதற்கே ஒரு அட்டை வேண்டும், அதை நல்ல விஷயத்தில் முதலில் பழக்க வேண்டும். இட்லி என்று போட்டிருக்கும் இடத்தில் அந்த அட்டையை வைத்துவிட்டு இடியாப்பம் கொடுங்கள், பிள்ளைக்கு அது பிடிக்கும் என்றால். கெட்ட சேதிக்கு மட்டும் அந்த அட்டை வெளியே வந்தால் அட்டையைப் பார்த்ததுமே அழுகை ஆரம்பித்துவிடும்.

30 மே

மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த தூக்க நேரம் நேற்று ராத்திரி போச்சு. ஐபிஎல் ஃபைனல் மழையால் ஒரு நாள் தள்ளி, ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் சென்னை ஜெயித்து, தெருவே வெடி போட்டது. என் வீட்டுக்காரரும் பால்கனியில் நின்று சத்தம் போட்டவர்தான், அவரை இங்கே யாரும் ஆதரிக்க வேண்டாம். பையன் கட்டிலுக்கு அடியில்.

காலையில் என்ன செய்வது என்றால், பாவம் தூங்கட்டும் என்று 11 மணி வரை விடக்கூடாது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் கூட விட்டு எழுப்பினோம். மத்தியானம் சொக்கினான், தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்தோம். இன்று எட்டரைக்கே தூங்கிவிட்டான்.

1 ஜூன்

யூனிஃபார்ம் பற்றி எழுதச் சொன்னவர்களுக்கு, கொஞ்சம் நீளமாக.

திறக்கிற அன்று காலையில் நடக்கும் சண்டையில் பாதி பள்ளிக்கூடத்தோடு இல்லை, உடம்பில் படுகிற துணியோடு. ஒரு மாதம் பனியனும் டவுசருமாகத் திரிந்த பிள்ளைக்கு மொடமொடவென்று புதுச் சட்டை, கழுத்தில் லேபிள், இடுப்பில் பெல்ட், இறுகிய ஷூ எல்லாம் ஒரே நேரத்தில். தொடுவது, சத்தம், வெளிச்சம் இவர்களுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ தெரியும் என்பதை 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல டாக்டர்கள் பார்க்கும் அமெரிக்கக் கையேடு) ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. ஆகவே "நடிக்கிறான்" என்று சொல்லும் சித்தப்பாவுக்குப் பதில் தயார்.

நாங்கள் செய்வது: புதுச் சட்டையை மாதக் கடைசியிலேயே வாங்கி, பழைய துணிகளோடு சேர்த்துப் பல தடவை துவைத்துப் போட்டுவிடுவேன், கஞ்சி வாடை போய்த் தொய்யும் வரை. லேபிளை வெட்டினால் மிச்சம் நிற்கும் அந்த அரை இஞ்சு நூல்தான் முழு லேபிளைவிட மோசம், தையலையே பிரித்து எடுங்கள். சாக்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பிப் போடுங்கள், விரல் நுனியில் இருக்கும் தையல் முண்டு அப்போது உறுத்தாது. ஷூ கால் மணி நேரம், டிவி பார்க்கும்போது மட்டும். பெல்ட்டைப் பள்ளியில் கேட்டு விட்டுவிட்டோம்.

முடி வெட்டுவதைத் திறப்பதற்கு முதல் நாள் வைக்காதீர்கள். வெட்டிய முடி இரண்டு மூன்று நாள் குத்தும், அந்தக் குத்தலோடு காலர் சட்டை போடச் சொன்னால் நானே போடமாட்டேன். ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். மெஷின் சத்தம் ஆகாது என்றால் கத்தரிக்கோலில் கேளுங்கள்.

டிபன் பாக்ஸ் யாரும் சொல்வதில்லை. லீவு முழுக்கத் தட்டில் சூடாகச் சாப்பிட்ட பிள்ளை, ஆறிப்போன சாதத்தைச் சில்வர் டப்பாவில் இருந்து, மூடியை அதுவாகவே திறந்து, இருபது நிமிஷத்தில் சாப்பிட வேண்டும். அதனால் கடைசி வாரம் மத்தியானச் சாப்பாடு வீட்டிலும் டிபன் பாக்ஸில்தான், காலையிலேயே கட்டி வைத்தது. ஆச்சிக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். "வீட்டுல இருக்கிற புள்ளைக்கு ஆறுன சோறா?" என்று என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

5 ஜூன்

மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள். 6 முதல் 12 வரை ஜூன் 12, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14. எங்களுக்குப் பதினாலு.

மஞ்சள் அட்டை இன்னொன்று வெட்டினேன். அவன் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான், கோயில் வாசலில் செருப்பைத் தேடும் பெரியவர் மாதிரி. அழவில்லை. "வெயில் எக்ஸ்பிரஸ் லேட்" என்று அவனே சொன்னான். இனி பலகையில் தேதி எழுதப் போவதில்லை. "பள்ளிக்கூடம்" என்ற அட்டையைக் கழற்றி நகர்த்துகிற மாதிரி வைத்தாயிற்று. சிவப்புப் பேனாவில் வட்டம் போடுவதை விட்டுவிடுங்கள், அதை அழிக்க முடியாது என்பதுதான் அதன் கோளாறு.

இந்த ஒரு வாரத்தைச் சும்மா விடாமல் வேன் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று, பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டியில் போய், கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். உள்ளே போக வேண்டியதில்லை. திரும்பும் வழியில் ஜிகர்தண்டா.

6 ஜூன்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இதெல்லாம் செல்லம். எங்க காலத்துல முதுகுல ரெண்டு வச்சா ஸ்கூலுக்குப் போனோம்." அண்ணாச்சி, உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட கதை உங்கள் அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி வரும்.

அடமும் மெல்ட்டவுனும் (தாங்க முடியாமல் உடைந்துபோவது) ஒன்று போலத் தெரியும். அடம் பிடிக்கும் பிள்ளை நடுவில் நிறுத்தி நாம் பார்க்கிறோமா என்று பார்க்கும், கேட்டது கிடைத்தால் உடனே நிற்கும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, பிள்ளைக்கே நிறுத்தத் தெரியாது, முடிந்தபின் துவண்டு கிடக்கும். அந்த நேரத்தில் அடித்தாலும் ஏறாது, அறிவுரை சொன்னாலும் ஏறாது. பேச்சைக் குறைத்து, லைட்டை அணைத்து, சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புங்கள், இதில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு துளி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நாம் முன்கூட்டியே வழித்துத் துடைத்து வைத்துவிட்டால், ஒரு நாள் நாம் இல்லாதபோது பிள்ளை என்ன செய்யும்? அதனால்தான் ரயில் அட்டையை அவன் கையால் நகர்த்த வைக்கிறேன். நான் நகர்த்தினால் அது என் அட்டவணை ஆகிவிடும்.

8 ஜூன்

பள்ளியில் என்ன கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம்?

கேட்க உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளி மட்டும் அல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் அந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும். ஆட்டிசம் அந்தச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஒன்று. ஆனால் முதல் நாளே சட்டத்தை மேஜையில் போடாதீர்கள். அது பையிலேயே இருக்கட்டும். முதலில் சின்னதாகக் கேளுங்கள். முதல் வாரம் அரை நாள். காலை பிரேயரில் மைக் சத்தம் ஆகாது என்றால் அது முடிந்தபின் வகுப்புக்கு நேராகப் போக அனுமதி. புது வகுப்பறையை ஆள் இல்லாதபோது ஒருமுறை பார்க்க விடுவது.

கடைசியாகச் சொன்னது ரொம்பச் சுலபம். நோட்டுப் புத்தகம் கொடுக்கும் நாட்களில் பள்ளி திறந்துதான் இருக்கும், போகும்போது கூட்டிப் போங்கள். எங்கள் பையன் வகுப்பறை, பாத்ரூம், தண்ணீர்க் குழாய், புது மிஸ் எல்லாவற்றையும் நாங்கள் போட்டோ எடுத்துவிட்டோம். பாத்ரூம் போட்டோவை அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று. போன வருஷம் முழுக்க அவன் அங்கே போகாமல் அடக்கிக்கொண்டு வந்தது தாழ்ப்பாளால்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மிஸ்ஸுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், ஒரே பக்கம், ரிப்போர்ட் கட்டு வேண்டாம். அவனுக்கு என்ன பிடிக்கும், எதில் மிரள்வான், மிரண்டால் என்ன செய்தால் அடங்குவான். ரயில் என்று ஒரு வார்த்தை எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பேசாத பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு: படம் காட்டும் அட்டையோ, படத்தைத் தொட்டால் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி ஆப்போ, எதுவாக இருந்தாலும் லீவில் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். "எனக்குப் போதும்", "சத்தம்", "வெளியே போகணும்" இந்த மூன்றும் ஜூனில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

14 ஜூன், இரவு

போனான். வந்தான். நீலத் தண்ணீர் பாட்டில் தொலைந்தது. நாளைக்கு எழுதுகிறேன், தலை சுற்றுகிறது.

17 ஜூன்

நாளைக்கு என்றேன், மூன்று நாள் ஆயிற்று.

பள்ளியில் "தங்கமா இருந்தான்" என்கிறார்கள். வீட்டு வாசலில் வேன் கதவு திறந்ததும் பையை எறிந்து, படியில் விழுந்து, முக்கால் மணி நேரம். நிறையப் பேர் வீட்டில் இதே கதை என்று இப்போது படிக்கிறேன். நாள் முழுக்கப் பிடித்துவைத்ததைப் பத்திரமான இடத்தில் வந்துதான் கொட்டுவார்கள். மிஸ்மேல் கோபப்படாதீர்கள், உங்கள் மேலும் வேண்டாம்.

வந்ததும் "இன்னிக்கு என்ன சாப்பிட்ட, யார் பக்கத்துல உட்கார்ந்த, மிஸ் என்ன சொன்னாங்க" என்று கேட்பதை நிறுத்தினோம். ஷூவைக் கழற்று, ஒரு டம்ளர் மோர், ஃபேன், யாரும் பேசாத அறை. பாட்டி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார், அவர் பாசம் அது, பிறகு அவருக்கும் ஒரு வேலை கொடுத்தோம், முறுக்கு எடுத்துத் தருவது. ஆறரைக்கு மேல் அவனாக வந்து ஒன்றிரண்டு சொல்வான். ஹோம்வொர்க் முதல் வாரம் கிடையாது என்று மிஸ்ஸிடமே சொல்லிவிட்டேன்.

ஓர் அப்பா கேட்கிறார், எப்போது பழையபடி ஆகும் என்று. எங்கள் வீட்டில் தூக்கம் முதலில் சரியாகும், பிறகு சாப்பாடு, வாசல்படிதான் கடைசி. நடுவில் ஒரு நாள் பழையபடி திரும்பிப் போகும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

29 ஜூன்

இன்று வியாழன், பக்ரீத் லீவு. ஓட ஆரம்பித்த வண்டியை நடுவாரத்தில் நிறுத்துகிற இந்த ஒற்றை லீவுகள்தான் பெரிய லீவைவிடத் தொல்லை. நேற்று ராத்திரியே "இன்று வண்டி இல்லை" அட்டையை ஒட்டச் சொன்னேன். ஒட்டினான், ஆனாலும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கழற்றச் சொல்லவில்லை. யூனிஃபார்மோடு பக்கத்து வீட்டு பாய் கொடுத்தனுப்பிய பிரியாணியைச் சாப்பிட்டு, சட்டையில் எண்ணெய், நாளைக்கு மாற்றுச் சட்டை இருக்கிறதா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

காலாண்டு லீவுக்கு இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டுமா என்றால், சின்ன அளவில் ஆமாம். கடைசி இரண்டு நாள் எழுப்பும் நேரம், டிபன் பாக்ஸ், ஷூ, அது போதும் என்று நினைக்கிறேன்.

அட்டைகளைப் பலகையில் ஒட்டி எடுக்க வெல்க்ரோ எங்கே கிடைக்கும் என்று கேட்ட தங்கைக்கு: ஸ்டேஷனரிக் கடையில் சின்னத் துண்டுக்கு அதிக விலை சொல்வார்கள். தையல் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குங்கள். லேமினேஷன் பளபளப்பு இல்லாததாகக் கேளுங்கள், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னினால் சில பிள்ளைகள் அந்தப் பக்கமே திரும்பாது. வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தைப் பலகையிலும் மெத்தென்ற பக்கத்தை அட்டையிலும் ஒட்டுங்கள், பிள்ளை விரலில் படப்போவது அட்டைதான்.